கடற்கரையில் பொறுக்கிய விறகு

பெரிய பேத்தி நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் தம்பி ஓ.எல். பரீட்சையில் ஒன்பது பாடமும் பாஸ், கணக்கில் ஏ. கனடாவில் நம்ம மகள் பெற்ற சின்னவள் நடக்கிறாள். "தாத்தா" என்று தமிழில் சொல்கிறாளாம். இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது.

இன்று பெட்டியைத் திறந்தேன். மகள் வாங்கித் தந்த மழைக்கோட்டில் இன்னும் அந்த ஊர்க் காட்டு வாசம்.

அவள் பிரசவத்துக்கு நம்ம இரண்டு பேருக்கும்தான் விசா வந்தது. "ரெண்டு பேரும் போனா காம்பிராவ வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க புள்ள. நீ போ, நான் வீட்டுல இருக்கேன்" என்றீர்கள். லயத்தில் வரிசையாக இருக்கிற காம்பிரா வீடெல்லாம் தோட்டத்துக்குத்தானே சொந்தம். நானும் சரியென்று போனேன்.

அங்கே ஓயாத மழை. கடலை ஒட்டியே காடு. நம்ம ரப்பர் மரம் பத்தைச் சேர்த்துக் கட்டின பருமனில் ஒவ்வொரு மரமும், உடம்பெல்லாம் பாசி. போனில் சொன்னேன்.

"மழைன்னா அங்கயும் பால் வெட்டு இல்ல. படுத்துத் தூங்கு."

"சாப்பிட்டீங்களா?"

"பக்கத்துக் காம்பிராவுல குடுக்குறாங்க. உன் சமையலுக்கு இது தேவல."

நடுவில் இருமினீர்கள். மழைக் குளிர் என்றீர்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தக் கடற்கரை முழுக்க விறகுங்க. முழு மரங்களே ஒதுங்கிக் கிடக்கும், எடுக்க ஆளில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. காய வைத்தால் எரியும் என்று பொறுக்கி, சால்வையால் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டேன். மகள் வீட்டில் கரண்ட் அடுப்பு என்பது நினைவுக்கே வரவில்லை. அவள் மணலில் ஓடி வந்தாள். விறகைப் பார்த்துச் சிரிக்க வருகிறாள் என்று நானும் சிரித்தேன்.

"அம்மா, அத எறக்கி வைங்க. அப்பா..." என்றாள்.

நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. உங்கள் முகம் பார்க்கவில்லை.

காம்பிரா அப்படியே இருக்கிறது. ஒருத்தரும் கேட்டு வரவில்லை. இந்த வரிசையில் இப்போது மூன்று காம்பிரா காலி. யாருக்காக நீங்க காவல் இருந்தீங்க?

சுவரில் மாட்டியிருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெரிசாக்கினது. அதில் உங்களுக்கு நம்ம மகனைவிட வயசு குறைவு. பிள்ளைகளுக்கு எழுதும்போது கடைசியில் ஒன்று கேட்பேன், உங்களிடமும் அதையே கேட்கிறேன். புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடுங்க. இளைச்சுப் போனீங்களா என்று பார்க்கணும்.