சொல்லாமல் நின்ற தேர்தல்

காஜா பெராங், மலாக்கா
4-11-1956

அன்புள்ள பாக்கியத்துக்கு,

நான் சுகம். நீ சிரம்பானில் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது. நகராட்சித் தேர்தலுக்கு மனு கொடுத்ததை உன்னிடம் மறைத்தது தப்புதான். வேண்டாம் என்பாயோ என்று பயந்துவிட்டேன். ஓட்டுப் போடுபவர்களை ஏற்றிவர மாணிக்கவாசகம் முதலாளி மூன்று கார் தருகிறார், ஜெயித்துவிடுவேன் என்கிறார்கள். கூட்டத்தில் நீ முன்வரிசையில் இருக்க வேண்டும்.

உன்,
பொன்னுதுரை

சிரம்பான்
9-11-1956

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் கேட்கவே இல்லையே! பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் பக்கத்து வீட்டுக் கோகிலா சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முன்வரிசைக்கு வேறு ஆளைப் பாருங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பாக்கியலட்சுமி

காஜா பெராங்
20-11-1956

அன்புள்ள பாக்கியம்,

நேற்று ரோஷன் பீவி என் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். நம் தெருமுனையில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் விற்பாரே, அவர்தான். முதலாளி கடை கட்டப் போகிறாராம். தன் நிலத்தில் குடியிருக்கும் பதினொரு குடும்பத்தையும் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார்.

“நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம் வருதுன்னு மேடையில பேசுறீங்க லாயரய்யா. எங்க வீடு போவுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?” என்றார்.

முதலாளியிடம் போய்ப் பேசினேன். “இந்தக் கேசைத் தொட்டீங்கன்னா, என் காரு ஒண்ணுகூட வராது” என்றுவிட்டார்.

விசாரணை அடுத்த செவ்வாய். தேர்தல் அந்தச் சனிக்கிழமை. உன்னைக் கேட்காமல் முடிவெடுக்க மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

உன்,
பொன்னுதுரை

சிரம்பான்
22-11-1956

அத்தான்,

இதை உடனே தபாலில் சேர்க்க வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். கேசை எடுங்கள். தேர்தல் போனால் போகட்டும். மழைக்காலம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போவார்கள்?

பாக்கியலட்சுமி

காஜா பெராங்
2-12-1956

அன்புள்ள பாக்கியம்,

கோர்ட்டில் ஜெயித்தோம். பதினொரு குடும்பத்தையும் அசைக்கக் கூடாது என்று தீர்ப்பு. தேர்தலில் நாற்பத்துமூன்று ஓட்டில் தோற்றேன். அந்தக் குடும்பத்தார் கார் இல்லாமல், மழையில் நனைந்துகொண்டு நடந்தே வந்து எனக்கு ஓட்டுப் போட்டார்கள். தோற்றது வலிக்கத்தான் செய்கிறது, உன்னிடம் என்ன மறைப்பு? அடுத்த தேர்தலிலும் நிற்கலாமா? நீயே சொல்.

உன்,
பொன்னுதுரை

சிரம்பான்
5-12-1956

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நில்லுங்கள். நாற்பத்துமூன்று ஓட்டெல்லாம் ஒரு தூரமா? மேடையில் நீங்கள் பேசுங்கள், வீடு வீடாக நான் போகிறேன். வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். ரோஷன் பீவியிடம் சொல்லி வையுங்கள். நான் முதலில் ஏறப்போவது அவர் வீட்டுப் படிதான்.

உங்கள்,
பாக்கியம்