எல்லாக் காயமும் இடது பக்கம்

என் அருமை வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா என்று தொடங்குவதுதான் முறை, அதனால் தொடங்கிவிட்டேன். இங்கே எல்லோரும் என்பதில் இரண்டு பேரை மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள். யார் யார் என்பது கீழே வரும், பதறிப்போய் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, யாரும் படுக்கையில் இல்லை, இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல எனக்கு வேலை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவளிடம் எதையும் உளறாதே, பயந்துவிடுவாள் என்று கட்டளை வேறு. அதனால்தான் கடையில் தைக்க வேண்டிய பேன்ட்டுகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மெஷின் பலகையிலேயே வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பலகைமேல் பழி போடு.

எல்லாம் அந்தக் காரால் வந்தது. பெரியப்பா தன் பழைய வெள்ளைக் காரை அப்பாவுக்கு விற்கப் போகிறார் என்று சொன்னபோது நீ எனக்கு ஒரு பாடம் எடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வருஷாவருஷம் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோவார்களே, அந்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் கேட்டு வாங்கு, ஓடிய தூரம் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா பார், ஒரு வருஷம் எழுதிய குறையை அடுத்த வருஷம் சரி செய்தார்களா பார் என்றாய். சொந்தப் பெரியப்பாவிடம் எப்படிக் கேட்பது என்றதற்கு, "நம்புறது வேற, பேப்பர் வேற. பேப்பரை வாங்கும்மா" என்று சொல்லிவிட்டு மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். இங்கே மாட்டிக்கொண்டது நான். உன் அப்பா குதிகுதி என்று குதித்தார், கூடப் பிறந்தவனைச் சந்தேகப்படுவதற்கு நடந்தே போகலாம் என்றார். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொன்னால் நடக்காத கால் அது. பெரியப்பாவோ என்னிடம் பேச்சையே குறைத்துக்கொண்டார், அதை நான் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பெரியம்மாதான் எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு தலையணை உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றம்தான். இன்ஜின் நன்றாக இருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது, ஓடிய தூரமும் ஒழுங்காக ஏறியிருக்கிறது. இத்தனை சண்டை போட்டு வாங்கியதில் ஒரு திருட்டுத்தனமாவது அகப்பட வேண்டாமா? அப்புறம்தான் ஒவ்வொரு தாளின் அடியிலும் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஒரு வருஷம் இடது பக்கக் கண்ணாடியில் விரிசல். அடுத்த வருஷம் இடது பக்க விளக்கு உடைந்து மாற்றியது. அப்புறம் இடது பக்க பம்பர், இடது பக்க டயர் உரசல், இடது பக்கக் கதவில் கீறல். வலது பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அது நேற்று ஷோரூமிலிருந்து வந்தது போல இருக்கிறது. பழுதுக்கு ஒரு பேன்ட் வந்தால் எந்தப் பை கிழிந்திருக்கிறது என்று பார்த்தே ஆள் எந்தக் கையால் சாவி எடுப்பவர் என்று சொல்கிறவள் நான். இது துணியின் குறை இல்லை, போடுகிறவர் குறை என்று தோன்றிவிட்டது. அப்பாவைக் கேட்டேன், அவர்தானே எப்போதும் கூடப் போகிறவர். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். அந்த கேட் குறுகலாம், அந்தத் தூணை வைக்கக் கூடாத இடத்தில் வைத்துவிட்டார்களாம். உலகத்தில் உள்ள தூணெல்லாம் உன் பெரியப்பாவைத் தேடி வந்து இடது பக்கம் நிற்கின்றன போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். நம் வீட்டுக்கு வந்தால் இடது தோளால் கதவு நிலையை இடித்துக்கொண்டுதான் நுழைகிறார். இடது கைப் பக்கம் டீயை வைத்தால் தட்டிவிடுகிறார், இத்தனை நாளும் தம்ளர் வைத்த என்னைத்தான் திட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவர் உலக விவகாரம் பேசிக்கொண்டிருந்தபோது இடது பக்கமாகப் போய் நின்று இன்ச் டேப்பை ஆட்டிப் பார்த்தேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய், என் கல்யாண நாளிலிருந்து செய்ய ஆசைப்பட்டதைச் செய்தேன், நாக்கை நன்றாக நீட்டிப் பழிப்புக் காட்டினேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா பார்த்துவிட்டாள். முதலில் சிரிப்பை அடக்கினாள், அப்புறம் அவள் முகம் அப்படியே மாறிப்போய்விட்டது.

கண் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம், பெரியம்மா கார் சாவியை ஒளித்துவைத்த பிறகுதான் கிளம்பினார், நாங்கள் மூன்று பேரும் கூடவே போனோம். அங்கே சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை ஆகக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், நான் குனிந்துகொண்டேன். அடுத்தது பக்கப் பார்வைக்கு ஒரு மெஷின். சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். இடது கண்ணுக்கு வைத்தபோது அவர் விரல் பாதி நேரம் சும்மாவே இருந்தது. கண்ணுக்குள் பிரஷர் ஏறி இடது கண்ணின் பக்கப் பார்வை போய்விட்டது, வலியும் இருக்காது சிவப்பும் இருக்காது, போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர் அம்மா. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயை மூடமாட்டாரா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன், மூடினபோது எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் அப்பாவிடம் சொன்னார்: "வண்டிதான் இடது பக்கம் இழுக்குதுன்னு நினைச்சேன்டா. அதான் உன் தலையில கட்டிடலாம்னு பார்த்தேன்."

கூடப் பிறந்தவனைச் சந்தேகப்படாத உன் அப்பாதான் முதலில் சிரித்தார். அப்புறம் நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள். அப்பா எழுந்து போய் அண்ணனுக்கு வலது பக்கம், தெரிகிற பக்கம், உட்கார்ந்துகொண்டார்.

கதை அதோடு முடிந்திருந்தால் இதை போனிலேயே சொல்லியிருப்பேன். கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று டாக்டர் அம்மா கேட்டார். உன் அப்பா, நான் சும்மா துணைக்கு வந்தவன் என்று நழுவப் பார்த்தார், மூக்கைப் பார்த்தாலே தெரியாதா அண்ணன் தம்பி என்று? பிடித்து உட்கார வைத்துப் பார்த்தால் அவருக்கும் வலது கண்ணில் பிரஷர். இப்போதுதான் ஆரம்பம், பார்வை கொஞ்சமும் போகவில்லை, மருந்து விட்டுக்கொண்டு வண்டியும் ஓட்டலாம். அன்றைக்குக் கடைக்கு வந்து ஊசியில் நூலைக் கோக்க முடியவில்லை எனக்கு. என் கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மெஷினை மூடிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நீ பேப்பர் கேட்கச் சொல்லியிருக்காவிட்டால் உன் அப்பா எனக்குத் தெரியாமலே இருட்டுக்குள் போயிருப்பார். காரை வாங்கிவிட்டோம். அப்பா ஓட்டுகிறார், பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து இடது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து என்று ஊருக்கே கேட்கும்படி வழி சொல்கிறார். சாயங்காலம் ஆனால் ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டு மருந்து விட்டாயா என்று விசாரித்துக்கொள்கிறார்கள், இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள், அதற்கப்புறம் நானும் பெரியம்மாவும் அவரவர் வீட்டுக்காரர் கண்ணில் மருந்தை விட்டுவிடுகிறோம்.

இனி உன் விஷயம். இது பிள்ளைகளுக்கும் வரலாம், எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர் அம்மா. அப்பாவின் மூக்கும் பிடிவாதமும் உனக்கு அப்படியே வந்திருக்கும்போது கண் மட்டும் என்னுடையதாக இருக்கும் என்று நான் எப்படி நிம்மதியாக இருப்பது? எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று ஆரம்பிக்காதே, உன் பெரியப்பாவும் கடைசி வரி வரைக்கும் படித்தவர்தான். பிரஷரும் பார், பக்கப் பார்வையும் பார். பார்த்தாச்சும்மா என்ற பேச்சு செல்லாது, ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. அப்பாவுக்குத் தெரியாமல் என் போனுக்கு அனுப்பு.

நீங்கள் இருவரும் நூறு வயது வரை சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், சண்டை போடும்போது ஒருவர் முகம் மற்றவருக்கு முழுசாகத் தெரிய வேண்டும்.

உன்னை நம்புகிற, ஆனாலும் பேப்பர் கேட்கிற,
அம்மா