மலையடிவாரத்தில் கைமாறிய உப்பு

எருமப்பட்டி
5-2-1986

அன்பு மகள் கண்ணாத்தாளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், அவளுடைய முழங்கால் வலியை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நாகபுரியில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. போன கடிதத்தில் கன்னியாகுமரிப் பக்கம் போய்வந்ததை விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். விவரமாகவே எழுதுகிறேன், ஆனால் நீ எதிர்பார்க்கும் விவரம் அல்ல. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. ஆனாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்க வேண்டும், எக்ஸ்பிரஸ் தபாலில் போடுவது அதற்காகத்தான்.

பொங்கல் கழிந்த அடுத்த வாரம் நம் பக்கத்து வீட்டு நாச்சிமுத்து ஒரு டூரிஸ்ட் பஸ் பேசி ஆள் சேர்த்தார். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் சென்னிமலை உனக்கு நினைவிருக்கும், உன் அம்மாவுக்குத் தூரத்து அண்ணன் முறை. அவரும் அவர் சம்சாரம் பாவாயியும் அதே பஸ்ஸில் வந்தார்கள். இரண்டு வருஷம் முன்பு அவர் தன் பையன் செங்கோடனுக்கு உன்னைக் கேட்டதும், பெண் பாங்க் வேலைக்குப் போயிருக்கிறாள் கொஞ்ச நாள் போகட்டும் என்று நான் சொன்னதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. மதுரை, திருச்செந்தூர் பார்த்துக்கொண்டு கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தோம். மறுநாள் விடிந்ததும் மருந்துவாழ்மலைக்குப் போனோம். நாகர்கோவில் சாலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நிற்கிற மலை. மலைத்தொடர் இங்கேதான் முடிகிறது என்று கீழே கடை வைத்திருந்தவர் சொன்னார். முழங்கால் காரணமாக உன் அம்மா ஏறவில்லை, அவளுக்குத் துணையாகப் பாவாயியும் நாச்சிமுத்துவின் சம்சாரம் சின்னாயியும் கீழேயே இருந்துவிட்டார்கள். கொஞ்ச தூரம் படி, அப்புறம் வெறும் பாறை, இடையிடையே முள்ளும் பேர் தெரியாத செடியும். பாதை ஒரு ஆள் போகும் அகலம்தான். எனக்கு முன்னால் சென்னிமலை, பின்னால் நாச்சிமுத்து. நம் நைனாமலை ஏறிப் பழகிய காலுக்கு ஏற்றம் பெரிதில்லை, காற்றுதான் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. உச்சியில் நின்றால் தெற்கே கண் போகிற வரைக்கும் கடல். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, அதை ஒட்டி உப்பளம், பாத்தி பாத்தியாக வெயிலில் பளபளத்தது. வடக்கே ஒன்றன் பின் ஒன்றாக மலைகள். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் சென்னிமலை பாதை ஓரப் பாறையில் உட்கார்ந்து, மச்சான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும் என்று ஆரம்பித்தார். பையன் இப்போது வார்தா பக்கம் ரிக் வண்டியோடு நிற்கிறான், நாகபுரி அங்கிருந்து கூப்பிடு தூரம், பெரிய மனசு பண்ணுங்க என்றார். நான் பெண்ணைக் கேட்க வேண்டும் என்றேன். கேளுங்க, யார் வேண்டாங்கறா, ஆனா நீங்க சொன்னா அது தட்டுமா என்றார். பின்னால் நின்ற நாச்சிமுத்து, இவ்வளவு ஒசரத்துல வந்து கேட்டா இல்லைன்னு எறக்கி உட முடியுமா என்று சிரித்தார். இறங்கித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நானும் சிரித்துவைத்தேன். அவ்வளவு விரிந்து கிடக்கிற இடத்தில் நகர்ந்து நிற்க எனக்கு ஒரு அடி இடம் இல்லாமல் போயிற்று. நான் சரி என்று சொல்லவில்லை. இதை நீ திட்டமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறங்கி வந்தபோது கீழே காரியம் நடந்து முடிந்திருந்தது. நான் கண்ணால் பார்க்கவில்லை, உன் அம்மா, பாவாயி, சின்னாயி மூவரும் தனித்தனியே சொன்னதை வைத்து எழுதுகிறேன், மூன்றும் ஒத்துப்போகின்றன. உப்பளத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தான், நல்ல வெள்ளை உப்பு, உன் அம்மா ஒரு பை நிறைய வாங்கினாள். பாவாயி பக்கத்துக் கடையில் கருப்பட்டி வாங்கினாள். உன் அம்மாவின் கூடையில் காலையில் குளித்த ஈரச் சேலை இருந்தது, உப்பு கரைந்துவிடும். பாவாயியிடம் மூடி போட்ட தகர டப்பா இருந்தது. உப்பை இதுல போட்டுக்கறேன் நங்கையா, கருப்பட்டியை நீங்க வெச்சுக்கங்க, ஊட்டுக்குப் போயி மாத்திக்கலாம் என்றாள். உன் அம்மா நீட்டினாள், அவள் வாங்கிக்கொண்டாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னாயி கையைத் தட்டி, அட உப்புச்சக்கரை மாத்தியாச்சு, சாட்சி நானு, கறிச்சோறு எப்பங்க என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். ஊரைவிட்டுப் போய் வெகுநாளான உனக்கு மறந்திருக்கலாம். நம் பக்கம் சம்பந்தம் பேசி முடித்தால் இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து போய் உப்பும் சக்கரையும் வாங்கி மாற்றிக்கொள்வார்கள், அந்த உப்பைப் போட்டுச் சமைத்ததை இரண்டு வீட்டாரும் சாப்பிட்டுவிட்டால் பிறகு பின்வாங்குகிற வழக்கம் இல்லை. சின்னாயி விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பாவாயி சிரிக்காமல் டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உன் அம்மா மறுக்காமல் கருப்பட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டாள். சென்னிமலை மலையிலிருந்து இறங்கிக் கேள்விப்பட்டதும் என் தோளில் கையைப் போட்டு, நாம மேல பேசுனோம், அவிய கீழ முடிச்சுப்போட்டாங்க என்றார். அதற்குப் பிறகு ஊர் வந்து சேர இரண்டு நாள். அந்த பஸ்ஸில் அவர் என்னையும் உன் அம்மாவையும் ஜோடியாக முன் சீட்டில் உட்காரவைத்து, சம்பந்தி சம்பந்தி என்று கூப்பிட்டு, இளநி வெட்டிக் கொடுத்து, ஒரு இடத்திலும் என் பைக்குள் நான் கைவிட விடவில்லை. வாய் திறந்து இல்லை என்று சொல்லியிருந்தால் நாற்பது பேர் முன்னால் பாவாயியை அவமானப்படுத்தியதாக ஆகியிருக்கும். சொல்லாததால் நாளுக்கு நாள் இறுகிவிட்டது. இப்போது எருமப்பட்டிக் கடைவீதியில் நடந்தால் ஒருவர் விடாமல் எப்பங்க முகூர்த்தம் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். கண்ணாத்தாள் தீபாவளிக்கு வந்தபோது பதவி உயர்வுப் பரீட்சை முடிகிறவரை கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று நம் இருவரிடமும் சொல்லிவிட்டுத்தானே போனாள், பையை நீட்டும்போது உனக்கு அது தோன்றவில்லையா என்றேன். தோணுச்சு என்றாள். யாராச்சும் கேட்டா விளையாட்டுன்னு சொல்லிக்கலாம், கேக்காம உட்டா நடந்ததாவே இருக்கட்டும்னு நீட்டுனேன் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவ அங்க காய்ச்சல்ல படுத்துக்கிட்டு ஒரு வாரம் கழிச்சுத் தபால்ல எழுதறா, கஞ்சி வெச்சுக் குடுக்க ஒரு ஆள் இல்லை, எனக்கு இந்தக் கால்ல ரயில் ஏறவும் முடியாது, நான் என்னங்க பண்ணட்டும் என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கருப்பட்டியை அவள் இன்னும் உடைக்கவில்லை, பரணில் வைத்திருக்கிறாள்.

நேற்று நேரில் சொல்லிவிடுவது என்று திருச்செங்கோடு போனேன். சென்னிமலை வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இலை போட்டுவிட்டார். எந்த உப்பு போட்டுச் சமைத்தது என்று கேட்க முடியுமா. பஸ் குலுக்கலில் வயிறு சரியில்லை, மோர் மட்டும் போதும் என்றேன். பாவாயி செம்பு நிறைய மோர் கொண்டுவந்து, என் கண் முன்னாலேயே அந்த டப்பாவைத் திறந்தாள். எனக்கு பிரஷர் இருக்கிறது, டாக்டர் உப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். மலை ஏறுறப்ப பிரஷர் இல்லீங்களாண்ணா என்றாள். சென்னிமலை விழுந்து விழுந்து சிரித்தார். உப்பில்லாத மோரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவர், பையனுக்குத் தந்தி கொடுத்தாயிற்று, வருகிற பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாகபுரி வந்து உன்னைப் பார்த்துச் சேலையும் பூவும் கொடுத்துவிட்டுப் போவான் என்று சொன்னார். சொல்ல வந்ததைச் சொல்ல என்னால் முடியவில்லை. எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் புறப்பட்டேன். வாசல் தாண்டிக் கொஞ்ச தூரம் பாவாயி கூடவே வந்தாள். ஏனுங்கண்ணா, பிரஷர் இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்க என்றாள். நான் நின்றுவிட்டேன். உங்களுக்கு இஷ்டமில்லீங்களா, பொண்ணுக்கு இஷ்டமில்லீங்களா என்று கேட்டாள். பெண்ணை இன்னும் யாரும் கேட்கவில்லை என்றேன். எம் பையனையும் யாருங்க கேட்டாங்க, தந்தி மட்டுந்தான் போயிருக்குது என்றாள். அப்புறம், அதுக ரெண்டும் பேசட்டும், வேண்டாம்னா உங்க பொண்ணு எனக்கொரு கார்டு போடட்டும், உப்பை நானே கொண்டாந்து நங்கையாகிட்டக் குடுத்துப்போடறேன், ஆம்பளைங்க நீங்க மலை மேலயே இருந்துக்கங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

ஆகவே இதுதான் நிலவரம். செங்கோடன் வந்தால் பாங்க் வாசலில் நிறுத்திப் பேசாதே, தோழியையும் கூட்டிக்கொண்டு ஏதாவது ஓட்டலில் உட்கார்ந்து பேசு. அவன் மரியாதையான பையன் என்றுதான் கேள்வி. வீட்டுக்கு வந்தே நாலைந்து மாதம் ஆகிறதாம், அவன் மனதில் என்ன இருக்கிறது என்பதையும் கேள். சேலையையும் பூவையும் மட்டும், உனக்கு முழுமனது இல்லாவிட்டால், கையில் வாங்காதே. பேசிய பிறகு பாவாயிக்கு ஒரு கார்டு, உன் அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம், இரண்டும் உன் கையெழுத்தில் எழுது. நான் சொன்னால் அது என் பிடிவாதமாகிவிடும். உன் பதில் கிடைத்த அன்றைக்கே நான் திருச்செங்கோடு போவேன். சரி என்று எழுதியிருந்தால் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவேன். இல்லை என்றால் சென்னிமலையின் முகத்தைப் பார்த்து நானே அதைச் சொல்லிவிட்டுப் பட்டினியோடு பஸ் ஏறுவேன். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

இதற்காகப் பரீட்சைக்குப் படிப்பதை நிறுத்தாதே. ராத்திரியில் பால் குடி. உன் அம்மாவும் நானும் உனக்கு எல்லா நலமும் வேண்டுகிறோம், எந்த வீட்டில் இருந்தாலும் நீ தலைநிமிர்ந்து இருக்க வேண்டும். செங்கோடன் வருவது பதினாறாம் தேதி, மறந்துவிடாதே.

உன் அப்பா,
ப. சின்னண்ணன்