ஜன்னலில் தெரியும் தொட்டி

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிப்பதெல்லாம் நேரில்.

கட்டாயக் கல்யாணத்துக்குத் தப்பி உன் வீட்டில் இருக்கிறாளே, அவள் எழுதிய கட்டுரை இன்று நம் பத்திரிகையில் வந்துவிட்டது. பெயரை மாற்றினேன், தெருவை எடுத்தேன். உன் வீட்டு ஜன்னலில் தெரியும், குதிரைப் படம் வரைந்த நீலத் தண்ணீர்த் தொட்டியை மட்டும் விட்டுவைத்தேன். நல்ல வரி, வெட்ட மனம் வரவில்லை.

மாலையில் அவள் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“எம்பொண்ணு நல்லா எழுதியிருக்காம்மா. அந்தத் தொட்டி கண்ணுலயே நிக்குது.”

அப்படியொரு தொட்டி ஊரில் ஒன்றுதான் என்பது அவர் படியிறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

இதைக் கொண்டுவரும் அச்சக ஓட்டுநர் நம்பிக்கையானவர். அவளைக் கூட்டிக்கொண்டு அவர் வண்டியிலேயே ஏறிவிடு. அடுப்பை அணைத்தால் போதும். தொட்டிப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று மட்டும் எட்டிப் பார்க்காதே.

உன் தங்கை