கிரேன் இடத்தில் உட்கார்ந்தவர்

திட்டுவதற்கு முன்னால்கூடச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் திட்டுகிற என் ஏழுமலை மாமாவுக்கு,

என் இடது கையில் பதினொரு தையல் போட்டிருக்கிறார்கள். காகிதத்தை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, எழுத்து கோணலாகத்தான் வரும். வெட்டியது உன் மகள் கல்பனா. பதறாதே, அவள் நன்றாக இருக்கிறாள், போலீஸ் வரைக்கும் போகவில்லை. கடையில் பேப்பர் வெட்டும்போது பட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, எந்த ஊரில் பேப்பர் கத்தி இப்படி எலும்பு வரைக்கும் இறங்கும் என்று கேட்டார். ராயபுரத்தில் இறங்கும் என்றேன்.

அவள் ஏன் வெட்டினாள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதி உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்கள் உன்னை ரவுடி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

என் கடைக்கு முன்பக்கம் ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். எதிரே கல்லூரி. பின்பக்கம் ஒரு தகரக் கதவு, அதற்கு அப்பால் பழைய ஐஸ் குடோன். அதில்தான் நம்முடைய பார். லைசென்ஸ் கிடையாது, போர்டு கிடையாது. வீட்டில் பைண்டிங் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான் வாடிக்கை. காசிமேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட வாரத்துக்கு நாலு நாள் பைண்டிங் கொடுத்தார்கள்.

உள்ளே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது என்பது நான் வைத்த சட்டம். உட்காருகிற இடத்துக்குத்தான் பெயர். சுவரோர பெஞ்சு கலெக்டர், தூண் பக்கம் மேஸ்திரி, ஃபேனுக்குக் கீழே கிரேன். இடத்துக்குரியவன் வராத நாளில் வேறு எவன் அங்கே உட்கார்ந்தாலும் அன்றைக்கு அந்தப் பெயர் அவனுக்கு. கூப்பிட்டால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும், கிண்டலும் கெட்ட வார்த்தையும் அவன்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சொந்தப் பெயரைச் சொன்னவன் எல்லாருக்கும் ஆம்லெட் போட வேண்டும்.

பெண்டாட்டிமார் தேடி வந்தால் பொய் சொல்லாமல் தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு. அக்கா எத்தனை தடவை கடை வாசலில் நின்று, உன் மாமன் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறாள். ஏழுமலை என்று உள்ளே யாரும் இல்லை அக்கா என்று சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். நீ உள்ளே மேஸ்திரியாக உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருப்பாய்.

நிஜக் கிரேன் ஆறடி ஆள். கன்டெய்னர் யார்டுகளில் மிரட்டிப் பிழைப்பவன். அவனைத் தீர்க்க ஆள் சுற்றுகிறது என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். பயந்துகொண்டேதான் அவனை உள்ளே விட்டேன்.

அன்றைக்கு மீன்பிடித் தடைக்காலம். நீ விடிந்ததிலிருந்து ஒரு போட்டின் எஞ்சினை இறக்கி வேலை செய்துவிட்டு, முழங்கை வரைக்கும் கிரீஸோடு மத்தியானம் வந்தாய். வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று வருகிற இடமாகக் கொடு மச்சான் என்று கேட்டாய். கிரேன் ஒரு வாரமாக வரவில்லை, அங்கே உட்கார் என்று கை காட்டியது நான்தான். எதிரே பஷீர் பாய் இருந்தார். வண்ணாரப்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவர், ஒரு சொட்டுக் குடிக்காதவர், வறுத்த மீனுக்காகவும் உன் பேச்சுக்காகவும் மட்டுமே வந்தவர்.

நாலு பையன்கள் வந்தார்கள், முதுகில் காலேஜ் பை. ஒருவன் ஏதோ நோட்ஸைக் கொடுத்து இரண்டு காப்பி கேட்டான். மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. நான் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தபோது, "அண்ணே, கிரேன் அண்ணன் உள்ள கீறாரா?" என்றான்.

நான் தலையைக்கூடத் தூக்கவில்லை மாமா. "கிரேனு, உன்னத் தேடி ஆளு வந்துகீது" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"கிரேன் இங்கதான் குந்திகினுகீறான், வரச்சொல்லு" என்றாய் நீ. சிரித்துக்கொண்டே சொன்னாய்.

அவர்கள் வேறு ஏரியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். கிரேன் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஃபேனுக்குக் கீழே இருப்பான், பெயர் சொன்னால் பதில் சொல்வான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தகரக் கதவைத் தாண்டும்போதே பைகளைத் திறந்துவிட்டார்கள். முதல் வெட்டு உன் தோளில் விழுந்தது. இரண்டாவதைக் கையால் தடுத்தாய், இரண்டு விரல் போயிற்று. "டேய், நான் ஏழுமலடா" என்று அலறினாய். அந்தக் குடோனில் நீ உன் சொந்தப் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான். மூன்றாவது கழுத்தில் இறங்கியது.

பாய் பெஞ்சைத் தூக்கி ஒருவன் வாயில் அடித்தார், பல் சிதறியது. அறுபது வயது மனிதர் அடித்தார். நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் குந்திக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டேன். உள்ளே வரவில்லை. இதை எப்படி எழுதினாலும் இப்படித்தான் எழுத முடியும்.

அவர்கள் போன பிறகுதான் வந்தேன். சுவரில் என் தலை உயரத்துக்கு ரத்தம். பாய் தன் சட்டையைக் கழற்றி உன் கழுத்தை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடாதே ஏழுமலை என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிட்டது யார் என்று அந்த நேரத்தில் உனக்குத் தெரிந்ததா மாமா? தெரிந்துதான் பார்த்தாயா?

மூலக்கொத்தளத்தில் உன் மேல் மண் போட்டுவிட்டு வந்த மறுநாள் பேப்பரில் வந்தது, ரவுடி கிரேனின் கூட்டாளி வெட்டிக்கொலை என்று. நான்தான் கிரேன் என்று அவனே சொன்னான் என்று பிடிபட்ட பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். கூட்டாளி இல்லாதவன் எதற்கு அந்தப் பெயருக்குப் பதில் சொல்லப்போகிறான் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்த நான், சம்பவத்தின்போது கடையில் இல்லை, குடோனில் பார் எதுவும் கிடையாது, யார் கூடினார்கள் என்று தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். பாய் உண்மையைத்தான் சொன்னார். கடைக்காரனே பார் கிடையாது என்கிறான், நீ என்ன இடத்துக்குப் பெயர், ஆளுக்குப் பெயர் என்று கதை விடுகிறாய் என்று அவரை விரட்டிவிட்டார்கள்.

பாய் நினைத்திருந்தால் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான் சொன்னா அது கோளு. நீ சொன்னாத்தான் அது உண்ம" என்றார். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. கல்பனா எதிரே இருக்கிற கல்லூரியிலேயே இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வகுப்பில் அவளுக்குப் பெயர், கூட்டாளிப் பொண்ணு. நான் வெட்கம்கெட்டு குடோனை மறுபடி திறந்தேன். ஆந்திரா பக்கம் பதுங்கியிருந்த கிரேனும் வந்து சேர்ந்தான், அதே ஃபேனுக்குக் கீழே.

போன வெள்ளிக்கிழமை கல்பனா பைண்டிங் வாங்க வந்து நின்றாள். உள்ளே கிரேன் யாரிடமோ சத்தமாகச் சொன்னான்: "எனக்கு இன்னா மாமு, தலைக்கி வந்தது தலப்பாவோட பூட்ச்சி." இரண்டு பேர் சிரித்தார்கள்.

கல்பனா என்னைப் பார்த்தாள். "தலப்பான்றது எங்க நைனாவா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பேப்பர் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளிவிட்டாள். உன் பெண் மாமா, சந்தேகமே வேண்டாம். கோபம் வந்தால் உனக்கு மூக்கு சிவக்குமே, அப்படியே சிவந்திருந்தது.

இந்தத் தடவை நான் ஓடினேன். அவளுக்கும் கிரேனுக்கும் நடுவில் நின்று, "அவன வுடு கண்ணு. உங்க நைனாவ அந்தப் பேரு சொல்லிக் கூப்டது நானு" என்றேன். இடம், பெயர், சட்டம், மெஷினுக்குப் பின்னால் குந்தியது, எழுதிக் கொடுத்த பொய், எல்லாவற்றையும் அங்கேயே கொட்டினேன். அவள் கத்தியை என் மேலேயே ஓங்கி இறக்கினாள். இடது கையைக் கொடுத்துத் தடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கிரேன் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடிக்கொண்டிருந்தான்.

கல்பனா கத்தியைப் போட்டுவிட்டுத் தன் துப்பட்டாவால் என் கையைக் கட்டினாள். கட்டிக்கொண்டே அடித்தாள், அடித்துக்கொண்டே அழுதாள். ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் அவள் இன்றைக்குப் புழல் ஜெயிலில் இருப்பாள். உன் கொலைக்கு உன் மகளையும் விலையாகக் கொடுக்கப் பார்த்தது என் வாய்ப்பூட்டு.

அன்றைக்கு மத்தியானமே அக்காவிடம் போனேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு பக்கத்திலிருந்த செம்பை எடுத்து என் நெற்றியில் அடித்தாள். மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவை ஓங்கிய கையை அவளே இறக்கிக்கொண்டாள்.

"எங்கையில சொன்னத ஜட்ஜு கையில சொல்லு. அது வரிக்கும் என்ன அக்கான்னு கூப்டாத" என்றாள்.

அடி வலிக்கவில்லை. அதுதான் வலித்தது. அம்மா போன பிறகு எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதானே.

திங்கட்கிழமை எனக்குச் சாட்சி சம்மன். விஷயம் கசிந்துவிட்டது, நேற்றுக் காலை அந்தப் பையன்களைக் கூலிக்கு அனுப்பியவனின் ஆட்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். எழுதிக் கொடுத்ததை மாற்றாதே என்றார்கள். ஒருவன் மெஷினைத் தட்டி, "மாத்துனா, உங்க மாமன ஒரு ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதா பூடும்" என்று சிரித்தான். அவர்கள் போனதும் அதே மெஷினுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். உன்னிடம் மறைப்பானேன், இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

இருந்தால் இருக்கட்டும். திங்கட்கிழமை பாயோடு போகிறேன், அவரே கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பார் நடத்தியதற்கும் பொய் எழுதிக் கொடுத்ததற்கும் என்னைப் பிடித்து உள்ளே வைத்தாலும் சரி, கோர்ட்டு வாசலிலேயே வெட்டினாலும் சரி. செத்தவர் ஏழுமலை, போட்டு எஞ்சின் மெக்கானிக், எவனுக்கும் கூட்டாளி இல்லை, அவரைக் கூப்பிட்டது நான் என்று கூண்டில் நின்று சொல்லாமல் இறங்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம். அதற்குப் பிறகு அவளை அக்கா என்று கூப்பிட்டுப் பார்ப்பேன். ஏன் என்று கேட்பாளா, கதவைச் சாத்துவாளா, தெரியவில்லை.

அவள் இல்லாமல் உனக்கும் எனக்கும் என்ன உறவு மாமா? இருந்தாலும் உன்னைக் கேட்காமலே அந்த உறவைக் கையெழுத்துக்கு மேலே போட்டுக்கொள்கிறேன்.

இன்னமும் உன் மச்சான்தான்,
செல்வம்