மன்னார் அலுமாரியில் கிடந்த கேசட்

மச்சான்,

கட்டாக் கருவாட்டுப் பொதியை அவிழ்த்ததும் நீதான் வந்து நின்றாய். உச்சமுனைக் கடற்கரையிலிருந்து கருவாடு எடுத்து விற்றுத் திரிந்த உன் சட்டையில் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத மணம் அது. என் மனைவி மூக்கைச் சுருக்கினாள். எனக்கோ நம் பழைய சண்டை நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. சங்கதி தெரியுமா? அந்தப் படத்துக்குப் போட்டு ஒதுக்கிவைத்த பின்னணி இசையை வெளியிட்டுவிட்டார்கள்.

நீ தலையில் வைத்துக் கொண்டாடிய இசையமைப்பாளர் முழுப் படத்துக்கும் பின்னணி போட்டுக் கொடுத்தார். தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு வேறொருவரைக் கொண்டு புதிதாகப் போடுவித்தார். அந்த வேறொருவர் என் ஆள். நமக்குள் சண்டை மூள இது போதாதா? நீ இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ஒதுக்கிய இசையை இலங்கையிலேயே கேட்ட ஒரே மனிதன் நீதான் என்றாய்.

"இந்தியாவிலேந்து வள்ளத்துல வந்த கேசட் மச்சான். தொண்ணூறுல முஸ்லிம்கள ஊர உட்டு வெளிக்கிடச் சொல்லக்குள்ள எடுக்கேலாமப் போச்சி. மன்னார் ஊட்டு அலுமாரில கெடக்குது."

"அப்ப அல்லா மேல சத்தியம் பண்ணு."

"சினிமாக் கதைக்கெல்லாம் சத்தியம் பண்ணப்படாது."

மார்க்கப்பற்று உனக்கு அந்த ஓர் இடத்தில்தான் சட்டென்று வரும்.

சத்தியத்துக்குப் பதிலாக, கடைசிக் காட்சியின் இசையை வாயால் முனகிக் காட்டுவாய். தில்லையடிக் கலியாண வீடொன்றில் ஆறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சோற்றில் கை வைத்தபடியே கண்ணை மூடி நீ தொடங்கினாய். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நானும் என் ஆளின் இசையை முனகினேன். இருவரும் முடித்துக் குனிந்து பார்த்தால், மற்ற நால்வரும் இறைச்சியை முடித்திருந்தார்கள். "ஒன்ட ஆளுக்கும் இல்ல, என்ட ஆளுக்கும் இல்ல" என்று வெறுஞ்சோற்றைப் பிசைந்தாய்.

யுத்தம் முடிந்து நீ மன்னாரில் உன் ஊர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று, கேசட் எங்கே என்று கேட்டேன். "கூரையே இல்ல மச்சான். நீ கேசட்டக் கேக்கிறாய்" என்றாய். அதன்பின் கொஞ்சக் காலம் உன்னைச் சீண்டவில்லை.

நீ மௌத்தான பிறகு, நம் இரண்டு ஆட்களின் ரசிகர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அந்த இசையை வெளியிடலாமா கூடாதா என்று பெரிய தர்க்கம். "வெளியிடட்டும், பாப்பம்" என்று உன்னிடம் ஆயுள் முழுக்கச் சவால் விட்ட நான், கூடவே கூடாது என்று எழுதினேன். உன் ஆளின் ரசிகர்கள் எனக்குப் பயம் பிடித்துவிட்டது என்றார்கள். உண்மைதான், பயந்துதான் போனேன். வெளிவந்தால், நீ முனகியது அதில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நீ இல்லாத நேரத்தில் நீ பொய்யனாவதை என்னால் தாங்க முடியாது. நீ உயிரோடு இருந்திருந்தால் நானே ஊரைக் கூட்டி நிரூபித்திருப்பேன், அது வேறு கதை.

என் பேச்சை யார் கேட்டார்கள்? நேற்று லுஹர் தொழுகைக்குப் பிறகு காதில் வயரைச் செருகிக்கொண்டு முழுவதையும் கேட்டேன். நல்ல இசை. என் ஆள் போட்டதை விட நல்லது. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். ஆனால் கடைசிக் காட்சிக்கு வேறேதோ வருகிறது. நீ முனகியது அதில் ஒரு சொட்டும் இல்லை. திரும்பவும் கேட்டேன், இல்லை. அத்தனையும் நீயே போட்டது, கள்ளா. முதலில் கோபம் வந்தது, பிறகு அழுதேன்.

குழுவில் என்னை அண்ணனாக எண்ணி 'நானா' என்று கூப்பிடும் ஒருவர் கேட்டார்: "ஒங்கட கூட்டாளி சொன்ன எடம் எதுல வருது நானா?"

பிறகு எழுதினேன்: "இது முழுசா வரல்ல. கடைசிக் காட்சிக்கு அவர் ரெண்டு போட்டவர். நல்லத மறைச்சிட்டாங்க. நானும் கேட்டிருக்கிறன்."

அவ்வளவுதான், குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மறைத்ததையும் வெளியிட வேண்டுமென்று ஒரு கூட்டம் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. வயதுபோன காலத்தில் உன் பொய்யை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய், மச்சான். முதல் கையெழுத்து என்னுடையது.