கேட்காமல் போட்ட பிரியாணி

சிங்காரப்பேட்டை
9.7.2025

அன்பான மேகலா அக்காவுக்கு,

தங்கை பிரவீனா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், சினையாக இருக்கும் மாடு எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் உன் குரல் சரியாக இல்லை. அப்பா ஸ்பீக்கரில் போட்டதும் "நல்லா இருக்கேன்" என்று மூன்று தடவை சொன்னாய். நல்லா இருப்பவர்கள் ஒரு தடவைதான் சொல்வார்கள்.

என்ன நடந்தாலும் எனக்குக் கடிதமாக எழுது. பள்ளி முகவரிக்குப் போட்டால் பூங்கொடி டீச்சர் பிரிக்காமல் தருவார். உன் கம்பெனி விடுதியில் ஏதாவது பிரச்சினை என்றால் அப்பா உன்னை வேலையை விடச் சொல்வார், ஆவணிக்குள் கல்யாணத்தையும் முடித்துவிடுவார். அது எனக்கும் தெரியும்.

சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் சேர்ந்திருக்கிறேன். தலைப்பு, காலனிகள் பேரரசை எதிர்த்து எழுந்த கதை. எல்லோரும் நம் நாட்டைப் பற்றியே பேசுவார்கள் என்று நான் அமெரிக்காவை எடுத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் புரியவில்லை அக்கா. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் அல்லவா? ஆங்கிலேயர் போட்ட தேயிலைச் சட்டத்தால் விலை குறைந்துதான் போனதாம்! அப்புறம் ஏன் கொட்டினார்கள்?

உன் பிரவீனா


ஓசூர்
17.7.2025

செல்லம் பிரவீனாவுக்கு,

உன் கேள்விக்கு எங்கள் விடுதியில் பதில் இருக்கிறது.

முன்பு ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை வெளியே போகலாம். இந்த மாதத்திலிருந்து ஒரு மாடிக்கு ஐந்து பேருக்குத்தான் அவுட் பாஸ். ஒரு மாடியில் நாற்பது பேர் இருக்கிறோம். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஞாயிறு மதியம் சிக்கன் பிரியாணி. வார்டன் சரோஜம்மாள், "வெளிய போயி என்னாத்தடி பாக்கப் போறீங்க? பிரியாணியே உங்க தட்டத் தேடி வருது" என்கிறார். பிரியாணி நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் தொண்டையில் இறங்கவில்லை.

போன ஞாயிறு எங்கள் முதல் மாடி, தமிழ்ப் பெண்கள் நாற்பது பேரும், தட்டைத் தொடாமல் எழுந்துவிட்டோம். இரண்டாம் மாடிப் பெண்கள் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள். அவர்கள் சாப்பிட்டார்கள். "நமகேனு" என்றாள் பாக்யா, அதாவது நமக்கென்ன என்று, எலும்பைக் கடித்துக்கொண்டே. மூன்றாம் மாடி ஒடியாப் பெண்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

முதலில் எழுந்தது நான்தான். வீட்டில் மூச்சு விடாதே.

அக்கா மேகலா


சிங்காரப்பேட்டை
24.7.2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுப் புவியியல் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். இப்போது தேயிலை புரிந்துவிட்டது, விலை குறைந்தாலும் அவர்களைக் கேட்காமல் போட்ட வரி அதில் இருந்தது! ஆனால் அடுத்த பக்கத்தைப் படித்ததும் பயம் வந்தது. தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாகப் பாஸ்டன் துறைமுகத்தையே மூடிவிட்டார்கள். மற்ற காலனிகளில் பலருக்குப் பாஸ்டன்காரர்களை அவ்வளவாகப் பிடிக்காது. இருந்தாலும் அரிசி அனுப்பினார்கள், ஆடுகளைக்கூட ஓட்டிவந்து கொடுத்தார்கள். இன்றைக்கு அவர்கள், நாளைக்கு நாம் என்று தோன்றிவிட்டது போல. தனித்தனியாகக் கிடந்தவர்களைப் பேரரசின் தண்டனைதான் ஒன்று சேர்த்திருக்கிறது.

அதன் பிறகும் உடனே துப்பாக்கி எடுக்கவில்லை. மன்னருக்கு மனு எழுதினார்கள். நீங்களும் மனு எழுதுங்கள். ஆனால் உன் பெயர் மேலே வேண்டாம். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அம்மா பூச்சி மருந்து கொடுத்தாள்.

பிரவீனா


ஓசூர்
5.8.2025

பிரவீனா குட்டிக்கு,

நீ சொன்ன துறைமுகம் இங்கும் மூடப்பட்டது. முதல் மாடிக்கு ஒரு மாதம் பாஸே கிடையாது என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். சோப்பு, நாப்கின் வாங்கக்கூட இறங்க முடியவில்லை. மூன்றாம் மாடி சஞ்சுக்தா பாஸ் வாங்கிப் போய் எங்களுக்கு இரண்டு பை நிறைய வாங்கி வந்தாள். அவளுக்குத் தமிழில் தெரிந்தது "சாப்டியா" ஒன்றுதான். அதையே சொல்லிப் பைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நேற்று முன்தினம் ஞாயிறு. மூன்று மாடியும் பிரியாணியைத் தொடவில்லை. பாக்யாவும்தான். "கூட இருக்கறவளுங்க எல்லாம் பட்டினி கெடக்கறப்ப நான் மட்டும் தின்னா செரிக்குமா?" என்றாள். நான்கு மொழியில் மனு கொடுத்திருக்கிறோம். இப்போது கம்பெனியில் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: யார் ஆரம்பித்தது? நூற்றிருபது பேரில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெயர் தெரிந்தால் அவளை அனுப்பிவிடுவார்களாம். தூக்கத்தில்கூட வாய் திறக்கப் பயமாக இருக்கிறது.

அக்கா


சிங்காரப்பேட்டை
15.8.2025, மாலை

அக்கா,

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். முழுவதும் எழுதுகிறேன், பாதியில் கிழித்துவிடாதே.

எனக்கு முதல் பரிசு. தேயிலை ஏன் பிடிக்கவில்லை என்று விளக்க உங்கள் பிரியாணியைச் சொன்னேன். "ஓசூரில் ஒரு விடுதியில் முதலில் எழுந்தவள் என் அக்கா" என்றும் சொன்னேன். சிறப்பு விருந்தினர் ராஜ்குமார் சார் உன் கம்பெனிக்காரர். எங்கள் பள்ளிக்குப் பெஞ்ச் கொடுத்தது உன் கம்பெனியாம். அது எனக்கு முன்பு தெரியாது. ஆனால் தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தும்போது தெரிந்துவிட்டது. அந்த வரியை விட்டிருக்கலாம். நான் விடவில்லை. எனக்கு முன்னால் என் வகுப்பு லிபியா பேசியபோது கூட்டம் கைதட்டவில்லை, எனக்குத் தட்ட வேண்டும் என்று நினைத்தேன். தட்டினார்கள்.

கோப்பை கொடுக்கும்போது அவர் சிரித்துக்கொண்டே, "அக்கா பேரு என்னம்மா?" என்றார். சொன்னேன். அழைப்பிதழின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். நீ வீட்டில் மூச்சு விடாதே என்றாய், வீட்டில் விடவில்லை. அறுநூறு பேர் முன்னால் விட்டுவிட்டேன்.

உடனே பதில் போடு. திட்டியாவது போடு.

பிரவீனா


ஓசூர்
1.9.2025

பிரவீனாவுக்கு,

18ஆம் தேதி மெமோ கொடுத்தார்கள். விசாரணைக்கு நான் தனியாகப் போகவில்லை. சஞ்சுக்தாவும் பாக்யாவும் மாடிக்குப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. எல்லையைத் தாண்டி, கர்நாடகப் பக்கம் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாளைக் காலை போகிறேன். நோட்டீஸையும் எடுத்துவிட்டார்கள். இனி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெளியே போகலாம், என்னைத் தவிர எல்லோரும்.

அப்பாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். "கெளம்பி வா" என்றார். வரமாட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

பயத்தில் உளறியிருந்தால் மறந்திருப்பேன். நீ கைதட்டலுக்காகச் சொன்னாய். என் பெயர், என் வேலை, என் ஞாயிறு. இவ்வளவையும் எடுத்து மேடையில் வைப்பதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அவர்களும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

புது விடுதியின் முகவரியை இப்போது தரவில்லை. நன்றாகப் படி.

மேகலா


சிங்காரப்பேட்டை
10.9.2025

அன்பு அக்காவுக்கு,

உன் முகவரி தெரியாததால் இதைச் சஞ்சுக்தா அக்கா பெயருக்கு அனுப்புகிறேன். உன்னிடம் சேர்க்கும்படி உறையின் மேல் இந்தியில் எழுதித் தந்தது பூங்கொடி டீச்சர்.

மன்னிப்பு கேட்டு நான்கு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் அதுவும் ஒரு பேச்சுப் போட்டி மாதிரி இருந்தது. அனுப்பவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கிருஷ்ணகிரியில் மாவட்டப் போட்டி. அதே பேச்சைத்தான் பேச வேண்டுமாம். "பிரியாணி இருக்கறதுனாலதான்டி பரிசே வந்துச்சு, அதை எடுத்துடாத" என்கிறார் டீச்சர். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "யார்கிட்ட கேக்கணும்?" என்றார். எங்கக்காகிட்ட என்றேன்.

பிரியாணியைச் சொல்லலாமா? அது இல்லாமல் போகலாமா? போகவே வேண்டாமா? மூன்றில் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். பெயர் கொடுக்கக் கடைசி நாள் 19ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அதற்குள் உன் பதில் வராவிட்டால், போக வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு பெயர் கொடுக்காமல் இருந்துவிடுவேன்.

தபால்காரர் பள்ளிக்குப் பதினொன்றரைக்கு வருகிறார். அப்போது எங்களுக்குக் கணக்கு வகுப்பு. ஜன்னல் ஓரம் இடம் மாற்றிக்கொண்டேன்.

பிரவீனா